ஒலிச்சில்லும் கட்டளைப் பட்டியும்

மலைச்சாரலில் நின்று ஒருவன் உரக்கக் கூவுகின்றான். சிறிது பொழுதில் அவன் குரலே அவனிடம் மீண்டு வருகின்றது. இதனை எதிரொலி என்கிறோம். காற்றில் ஒலி ஒரு நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். 85 மீட்டர் தொலைவில் உள்ள பாறையில் பட்டுத் திரும்பும் ஒலி, போக்கும் வரவுமாக 170 மீட்டர் கடக்க வேண்டும். ஆதலால் அஃது அரை நொடி கழித்தே செவியை வந்தடைகின்றது.

மலையும் பாறையும் இல்லாத ஒரு சிற்றறையில் இதே எதிரொலியை எழுப்ப இயலுமா? இயலும். கட்டைவிரலின் நுனியளவே உள்ள ஒரு மின்னணுச் சில்லு அதனைச் செய்து காட்டும். ஆனால், சில்லு தானாக எதனையும் செய்யாது. என்ன செய்ய வேண்டும் என்பதை மனிதன் அதற்கு எழுதித் தருதல் வேண்டும். எழுதியதைச் சில்லு உணரும் வடிவில் மாற்றித் தரும் செயலி அசெம்பிளர் எனப்படும். அச்செயலியைக் கட்டளைப் பட்டியின் துணைகொண்டு எவ்வாறு கையாள்வது என்பதையும், அது செய்ய வல்லது யாது, செய்ய மாட்டாதது யாது என்பதையும் இப்பாடத்தில் காண்போம்.

சில்லும் அதனை ஆக்கியவரும்

எப்.வி.-1 என்பது ஒலியை மாற்றியமைப்பதற்கென்றே ஆக்கப்பட்ட சில்லு. இதனை வகுத்தவர் கீத் பார் என்னும் அமெரிக்கர். இசைக் கருவிகளின் ஒலியை மாற்றும் சிறு கருவிகளைச் செய்த எம்.எக்ஸ்.ஆர். நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களுள் அவரும் ஒருவர். 1984 இல் அலீசிஸ் என்னும் நிறுவனத்தைத் தொடங்கினார். பெருஞ்செல்வம் படைத்த ஒலிப்பதிவு நிலையங்களுக்கே கிட்டி வந்த முழக்கக் கருவியை, எளியவரும் வாங்கத்தக்க விலையில் 1986 இல் மிடிவெர்ப் என்னும் பெயரால் அந்நிறுவனம் வெளியிட்டது. பிற்காலத்தில் ஸ்பின் செமிகண்டக்டர் நிறுவனத்தின் வாயிலாக அவர் வழங்கியதே இந்த எப்.வி.-1 சில்லு. அவர் 2010 ஆம் ஆண்டில் மறைந்தார்.

கைக்கடிகாரத்துள் நொடிகளை அளந்து தருவது ஒரு சிறு படிகம். அது நொடிக்கு 32,768 முறை அதிரும். அதே வகைப் படிகமே இச்சில்லுக்கும் தாளம் போடுகின்றது. ஒவ்வோர் அதிர்வின்போதும் சில்லு, உள்ளே வரும் ஒலியலையை ஒருமுறை அளந்து ஓர் எண்ணாகக் குறித்துக்கொள்கின்றது. அவ்வெண்ணுக்கு மாதிரி என்று பெயர். குறித்த எண்ணைக் கூட்டியும் பெருக்கியும் மாற்றி, மீண்டும் ஒலியலையாக வெளியே விடுகின்றது.

இச்சில்லுள் 32,768 மாதிரிகளை வைக்கத்தக்க நினைவகம் உண்டு. நொடிக்கு 32,768 மாதிரிகள் வருவதால், சரியாக ஒரு நொடி நேர ஒலி அதில் அடங்கும். எழுதும் கட்டளைகளோ ஒரு நிரலுக்கு 128 தாம். அதற்கு மேல் ஒன்றும் கூடாது. அந்த 128 கட்டளைகளும் மேலிருந்து கீழாக, ஒவ்வொரு மாதிரிக்கும் ஒருமுறை நிறைவேறும். சிலவற்றைத் தாண்டி முன்னே செல்லலாம். பின்னோக்கித் திரும்ப வழியில்லை. சிறிய இடத்தில் செவ்விதின் எழுத வேண்டிய கட்டாயத்தை இச்சில்லு விதிக்கின்றது எனலாம்.

அசெம்பிளர் என்பது யாது?

கணிப்பொறி அறிவது எண்களையே. தொடக்க நாளில் கட்டளைகளை எண்களாகவே எழுதினர். அது பெருந்தொல்லையாக இருந்தது. 1949 இல் இங்கிலாந்திலுள்ள கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் எட்சாக் என்னும் கணிப்பொறி இயங்கத் தொடங்கியது. அதில் டேவிட் வீலர் என்பார் ஒரு வழி கண்டார். ஒவ்வொரு கட்டளைக்கும் நினைவிற்கொள்ள எளிதான ஓர் எழுத்தை இட்டார். அவ்வெழுத்துகளை எண்களாக மாற்றும் வேலையைக் கணிப்பொறியிடமே விட்டார். அதுமுதல் வளர்ந்து வந்த செயலிகளே அசெம்பிளர்கள். சிதறிக் கிடக்கும் குறியீடுகளைச் சேர்த்துக் கோத்துத் தருதலின் இப்பெயர் வந்தது.

எப்.வி.-1 சில்லுக்கென அமைந்த அசெம்பிளர் ஸ்பின்-அசம் என்பது. மனிதன் எழுதும் குறியீட்டு வடிவினை மூலநிரல் என்பர். சில்லு ஏற்கும் எண் வடிவினைப் பொறிநிரல் என்பர். ஒரு கட்டளை பொறிநிரலில் நான்கு பைட்டு இடங்கொள்ளும். 128 கட்டளைகளுக்கு 512 பைட்டு வேண்டும். சில்லின் அருகே வைக்கும் ஈப்ராம் என்னும் நிலைநினைவகம் 4,096 பைட்டு கொண்டதாயின், எட்டு நிரல்கள் மிச்சமின்றி அதில் அடங்கும். மின்சாரத்தை நிறுத்தினாலும் அந்நினைவகம் தான் கொண்டதை மறவாது.

ஓர் எதிரொலியின் மூலநிரல்

எதிரொலிக்கு எத்தனை கட்டளைகள் வேண்டும்? நான்கே போதும். முதலில், 16,384 மாதிரிகள் கொள்ளும் இடத்தை நினைவகத்தில் ஒதுக்கி, அதற்குத் தாமதம் என்று ஒரு பெயர் இடுவதாகக் கொள்வோம். இஃது ஓர் அறிவிப்பே; கட்டளைகளின் கணக்கிற் சேராது. கோயில் வாயிலில் நிற்கும் மக்கள் வரிசையை இவ்விடத்திற்கு ஒப்பாகச் சொல்லலாம். வரிசையின் கடைசியில் ஒருவர் வந்து சேர, முன்னே நிற்பவர் ஒருவர் உள்ளே செல்கின்றார். அதுபோல் புதிய மாதிரி ஒருபுறம் நுழைய, பழைய மாதிரி மறுபுறம் வெளிப்படும். நுழைந்தது வெளிப்பட அரை நொடி ஆகும்.

முதற்கட்டளை ஆர்.டி.ஏ. என்பது. வரிசையின் முனையிலுள்ள பழைய மாதிரியை எடுத்து, 0.5 ஆல் பெருக்கித் திரட்டியில் சேர்க்குமாறு அது பணிக்கும். திரட்டி என்பது கணக்கின் விடை தங்கும் இடம். இரண்டாம் கட்டளை ஆர்.டி.ஏ.எக்ஸ். என்பது. அப்போது உள்ளே வந்த புதிய மாதிரியையும் திரட்டியிற் கூட்டுமாறு அது பணிக்கும். மூன்றாவது டபிள்யூ.ஆர்.ஏ. என்பது. கூட்டிவந்த தொகையை வரிசையின் தொடக்கத்தில் எழுதிவைக்கும். நான்காவது டபிள்யூ.ஆர்.ஏ.எக்ஸ். என்பது. அத்தொகையை ஒலியாக வெளியே அனுப்பி, அடுத்த மாதிரிக்காகத் திரட்டியை வெறுமையாக்கும்.

ஒருமுறை கைதட்டினால் அரை நொடியில் பாதி வலிமையுடன் அவ்வொலி மீளும், அடுத்த அரை நொடியில் காற்பங்கு, அதற்கடுத்து அரைக்காற்பங்கு. பத்தாம் முறை மீள்வது முதலொலியில் 1,024 இல் ஒரு பங்காகும். இவ்வாறு ஐந்து நொடிகளில் எதிரொலி தேய்ந்து மறையும். மலையில் நிகழ்வதும் இதுவே அன்றோ?

கட்டளைப் பட்டி

செயலியின் சாளரத்தில், மேற்புறம் நீண்டு கிடக்கும் சொல்வரிசையே கட்டளைப் பட்டி. ஒவ்வொரு சொல்லையும் தொட்டால் அதன்கீழ்ச் சில பணிகள் விரியும். அப்பணிகளை மூன்று வகையாகப் பகுத்து அறிந்துகொள்ளுதல் நலம். கோப்பினைக் காப்பன ஒரு வகை. எழுத்தைத் திருத்துவன ஒரு வகை. நிரலைக் கோத்து அனுப்புவன ஒரு வகை.

காப்பனவற்றுள் புதியது, திற, சேமி, வேறு பெயரில் சேமி என்பன அடங்கும். சேமி என்னும் பணி, முன்பு இருந்ததை அழித்து இப்போது உள்ளதை வைக்கும். வேறு பெயரில் சேமி என்னும் பணி, முன்பு இருந்ததை அப்படியே விட்டுப் புதிய ஒன்றை உண்டாக்கும். நன்றாக ஒலித்த நிரலை மாற்றிப் பார்க்க விரும்புவோன் முதலில் வேறு பெயரிற் சேமித்துக்கொண்டு, அதன்பின்னரே கை வைத்தல் வேண்டும். இல்லையேல் புதியது கெட்டபோது பழையதும் கையில் இராது.

திருத்துவனவற்றுள் வெட்டு, ஒட்டு, செய்ததை மீட்டெடு, தேடி மாற்று என்பன உள. இவற்றுள் தேடி மாற்று என்பதனை விழிப்போடு கையாள வேண்டும். ஒரு கட்டுரையில் கல் என்று வருமிடமெல்லாம் மண் என்று மாற்றுமாறு ஒருவன் பணித்தால், கல்வி என்னும் சொல் மண்வி என்று ஆகிவிடும். அவ்வாறே ஆர்.டி.ஏ. என்பதை எங்கும் மாற்றுமாறு பணித்தால், ஆர்.டி.ஏ.எக்ஸ். என்பதனுள் இருக்கும் அவ்வெழுத்துகளும் உடன் மாறும். பொறிக்கு எழுத்து தெரியும். சொல்லின் எல்லை தெரியாது. ஆகவே ஒரே வீச்சில் எல்லாவற்றையும் மாற்றாது, ஒவ்வோர் இடமாக நின்று பார்த்து மாற்றுதலே தக்கது.

மூன்றாம் வகையே அசெம்பிளருக்குச் சிறப்பாக உரியது. கோத்திடுக என்று பணித்த அளவில் செயலி மூலநிரலை வரிவரியாகப் படித்துப் பொறிநிரலாக மாற்றும். எழுதியவை 128 க்குக் குறைந்தால் எஞ்சிய இடங்களை ஒன்றும் செய்யாத வெற்றுக் கட்டளைகளால் நிரப்பும். பொறிநிரலைப் பதினாறடிமான எண்களால் ஆன கோப்பாக எழுதி வைத்துக்கொள்ளலாம். கணிப்பொறியோடு வடத்தால் இணைத்த ஆய்வுப் பலகைக்கு நேரே அனுப்பி, நிலைநினைவகத்தில் பதிக்கவும் செய்யலாம். எட்டு இடங்களுள் எதில் பதிக்க வேண்டும் என்பதை முன்கூட்டியே தெளிந்துகொள்ள வேண்டும். பதித்த இடத்தில் முன்பு இருந்த நிரல் அழிந்துபோகும்.

செயலி காட்டும் பிழையும் காட்டாத பிழையும்

தமிழிலக்கணம் மொழியை எழுத்து, சொல், பொருள் என மூன்றாக வகுத்து ஆராயும். நிரலில் நேரும் பிழைகளையும் அம்முறையிலேயே மூன்றாக வகுத்துக் காணலாம்.

கட்டளையின் பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டால் அஃது எழுத்துப்பிழை. செயலி உடனே நின்று, இத்தனையாம் வரியில் பிழை என்று காட்டும். முன்னே அறிவிக்காத ஒரு பெயரை நடுவே எடுத்தாளுதல், கட்டளைகள் 128 ஐக் கடத்தல், ஏற்கத்தகாத அளவில் எண்ணை இடுதல் ஆகியவை இரண்டாம் வகை. எழுத்து சரியாக இருந்தும் சொற்றொடர் இயையாமையால் விளைவன இவை. இவற்றையும் செயலி காட்டிவிடும். பிழைகள் பல இருப்பின் முதலிற் காட்டியதை முதலில் திருத்தி, மீண்டும் கோத்துப் பார்த்தல் வேண்டும். ஓர் அறிவிப்பு தவறியதனாலேயே கீழே பத்துப் பிழைகள் தோன்றியிருக்கலாம். வேரைத் திருத்தினால் கிளைகள் தாமே சீராகும்.

மூன்றாவது பொருட்பிழை. மேலே கண்ட எதிரொலி நிரலில் 0.5 என்று எழுதவேண்டிய இடத்தில் ஒருவன் 1.5 என்று எழுதிவிட்டான் என்று கொள்வோம். அந்த இடத்தில் இரண்டுக்குக் குறைந்த எண்ணை இடலாம் என்பது சில்லின் விதி. ஆகவே செயலி ஒரு குறையும் காணாது. பிழை ஒன்றும் இல்லை என்று சொல்லி நிரலைக் கோத்துத் தந்துவிடும். பலகையில் பதித்துக் கைதட்டினால் என்ன நிகழும்? முதலில் மீள்வது ஒன்றரை மடங்கு. அடுத்தது இரண்டேகால் மடங்கு. அதனையடுத்தது மூன்று மடங்குக்கும் மேல். தேய வேண்டிய ஒலி வளர்ந்துகொண்டே போய், சில்லின் எண்ணெல்லையை முட்டிப் பேரிரைச்சலாக நிலைத்துவிடும். செவிக்குழல் அணிந்து கேட்போனாயின் அவன் செவிக்கே ஊறு நேரலாம்.

சரியாக 1.0 என்று இட்டாலும் தீங்கே. எழுந்த ஒலி தேயாமல் அரை நொடிக்கு ஒருமுறை மீண்டுகொண்டே இருக்கும். அடுத்தடுத்து எழும் ஒலிகள் அதன்மேல் ஏறிக் குவியும். ஒரு புள்ளியும் ஓர் எண்ணுமே இனிய எதிரொலிக்கும் பொறுக்கவொண்ணா இரைச்சலுக்கும் இடையே நிற்கின்றன.

பிழை இல்லை என்று செயலி கூறுவதன் பொருள், எழுதியது விதிக்கு ஒத்தது என்பது மட்டுமே. எண்ணியது எழுதப்பட்டதா என்பதை அது கூறாது, கூறவும் இயலாது. எழுதியோன் மனத்தில் இருந்தது யாது என்பதை அஃது எங்ஙனம் அறியும்? அதனை அறிய வல்லவை அவன் அறிவும் செவியுமே. ஆகலான் புதிய நிரலை முதன்முதல் இயக்கும்போது ஒலியளவைக் குறைத்து வைத்து, செவிக்குழலைக் கழற்றிவிட்டு, சிறிது சிறிதாகவே உயர்த்த வேண்டும். ஒரே முறையில் பல மாற்றங்களைச் செய்யாமல் ஒன்றை மாற்றி, கோத்து, பதித்து, கேட்டு, அதன்பின் அடுத்ததை மாற்றுதல் வேண்டும். அப்போதுதான் எந்த மாற்றத்தால் எந்த விளைவு நேர்ந்தது என்பது புலனாகும்.

மூலத்தைப் பேணுதல்

மூலநிரலில் அரைப்புள்ளிக்குப் பின் எழுதுவனவற்றைச் செயலி படிக்காமல் விட்டுவிடும். அவை மனிதனுக்காக எழுதப்படும் விளக்கங்கள். இங்கே 0.5 இட்டதன் காரணம் யாது, தாமதம் அரை நொடி என்று கொண்டது ஏன் என்பனவற்றை அங்கே குறித்து வைக்கலாம். பொறிநிரலாக மாறும்போது அவ்விளக்கங்கள் எல்லாம் உதிர்ந்துபோகின்றன. தாமதம் என்று இட்ட பெயரும் மறைந்து, வெறும் எண்ணே எஞ்சுகின்றது. பொறிநிரலிலிருந்து கட்டளைகளை ஒருவாறு மீட்டெடுக்கலாம். எழுதியோன் கருத்தை மீட்டெடுத்தல் அரிது.

சில்லுக்குள் நிரல் பதிந்துவிட்டது, இனி மூலம் எதற்கு என்று கருதுவோர் உண்டு. ஓராண்டு கழித்து எதிரொலியைச் சற்றே நீட்ட வேண்டும் என்று தோன்றும்போது, அவர்கள் கையில் எண்களின் குவியலே இருக்கும். வினைமுடித்த பின்னரும் மூலத்தைக் காத்து வைப்பவனே மேலும் மேலும் திருத்தி உயர வல்லவன். சேமி என்னும் எளிய பணியைப் பட்டியில் முதலில் வைத்ததன் அருமையும் இதனால் விளங்கும்.

எப்.வி.-1 சில்லு ஒவ்வொரு மாதிரிக்கும் 128 கட்டளைகளை நிறைவேற்றுவதால், நொடிக்கு 41,94,304 கட்டளைகளைச் செய்கின்றது. அத்தனை விரைவும் எழுதியவனின் நான்கு வரிகளுக்கு அடங்கியே நடக்கின்றது. வரிகள் சரியாயின் இனிய ஓசை பிறக்கும். தவறாயின் தவறும் நொடிக்கு 32,768 முறை நிகழும். கருவி விரைந்து செல்லும்தோறும் கருத்து நிதானித்துச் செல்லுதல் வேண்டும். கட்டளைப் பட்டியில் உள்ள பணிகளைக் கற்றல் ஒரு நாளில் முடியும். எந்தப் பணியை எப்போது ஏவுவது, ஏவியபின் எதனைச் சோதித்துப் பார்ப்பது என்பதைக் கற்பதே தொழிலறிவாகும்.

பயிற்சி

1. எப்.வி.-1 சில்லின் நினைவகத்தில் ஒரு நொடி நேர ஒலி மட்டுமே அடங்குவது ஏன்?
2. சேமி, வேறு பெயரில் சேமி ஆகிய இரு பணிகளுக்கும் உள்ள வேறுபாட்டினைத் தெளிவுபடுத்துக.
3. தேடி மாற்று என்னும் பணியால் நேரக்கூடிய தீங்கினை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
4. செயலி காட்டும் பிழைகள் யாவை? காட்டாத பிழை யாது? அதனை அறிவது எவ்வாறு?
5. எதிரொலி கால் நொடியில் மீள வேண்டுமாயின் எத்தனை மாதிரிகளுக்கு இடம் ஒதுக்க வேண்டும்? அவ்வெதிரொலிக்கு ஒப்பான பாறை எத்தனை மீட்டர் தொலைவில் இருக்கும்? கணக்கிட்டுக் காட்டுக.
6. "மூலத்தைப் பேணுதல்" என்னும் பொருள் பற்றிப் பதினைந்து வரிகளில் ஒரு கட்டுரை வரைக.